பம்ப் ஸ்குரூவில் கை வைக்க முன்

கேள்வி: அண்ணை, எங்களிடம் 1996 ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கிறது. மொடல் எல்.என். 106, 3எல் என்ற டீசல் எஞ்சின். அப்பா வாங்கியது. மீற்றர் 3 இலட்சத்து 40 ஆயிரம் காட்டுகிறது, இடையில் இரண்டு வருடம் மீற்றர் வேலை செய்யவில்லை. கிளிநொச்சியிலிருந்து கிழமைக்கு மூன்று தரம் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறோம், சில நாள் கண்டி வரையும் போகும். இப்போது காலையில் நெடுநேரம் சுற்றித்தான் ஸ்டார்ட் வருகிறது. வந்தவுடன் வெள்ளைப் புகை. லோடோடு மாத்தளைப் பக்கம் ஏறும்போது முன்னைய இழுவை இல்லை. தெரிந்த ஒருவர், "பம்பில் ஒரு ஸ்குரூ இருக்கிறது, அதைக் கொஞ்சம் திருப்பினால் இழுக்கும், பிறகு ஒரு டேர்போவும் பூட்டலாம்" என்கிறார். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. மாரி தொடங்க முன் செலவழிக்கக் கொஞ்சக் காசு ஒதுக்கியிருக்கிறோம். எதில் போடலாம்?

பதில்: தம்பி, கடிதத்தில் நீங்கள் பெரிதாக எழுதியது புகையும் இழுவையும். கடைசியில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனது டைமிங் பெல்ட். நான் அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் உங்களுக்குத் தொந்தரவு தருகிற பழுதுகள். இது ஒரு நொடியில் எஞ்சினையே முடித்துவிடக்கூடியது.

3எல் எஞ்சினில் ஒரே ரப்பர் பெல்ட்தான் கிராங்கிலிருந்து டீசல் பம்பையும், மேலே வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாப்டையும் சுற்றுகிறது. கம்பனி சொன்ன கணக்கு 100,000 கிலோமீற்றர். அந்தக் கணக்கு வரும்போது டாஷில் பெல்ட் விளக்கு எரியும். உங்கள் வண்டியில் அது எரியவில்லை என்பதற்காக நிம்மதியாக இருக்க வேண்டாம். அந்த விளக்கு பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை, மீற்றர் ஓடிய தூரத்தைப் பார்த்து எரிவது. மீற்றர் இரண்டு வருடம் நின்றிருந்தால் விளக்கின் கணக்கும் நின்றிருக்கும். பல்ப் கருகியிருக்கலாம். யாராவது பெல்ட் மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்தும் இருக்கலாம், அப்படி அணைக்கப்பட்ட வண்டிகள் என் கராஜுக்கு வந்திருக்கின்றன.

இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி வெறுமனே நின்றுவிடாது. கேம் நின்றுவிடும், பிஸ்டன்கள் நிற்காது. இதன் அழுத்த விகிதம் 22.2க்கு 1. பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் கிட்டத்தட்ட இடமே இல்லை. திறந்தபடி நின்ற வால்வுகளில் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும், கேமும் உடையக்கூடும். ஹெட் கழற்றாமல் அதைத் திருத்த வழியில்லை. அது முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நடந்தால் தேங்காய் உடைத்துவிட்டு யாரையாவது கூப்பிடலாம். இரவு இரண்டு மணிக்கு, தக்காளி ஏற்றியபடி, வவுனியாவுக்கும் மதவாச்சிக்கும் நடுவில் நடந்தால் என்ன செய்வீர்கள்?

ஆகவே ஒதுக்கிய காசில் முதல் பங்கு பெல்ட்டுக்கு. பெல்ட்டை மட்டும் வாங்க வேண்டாம். டென்ஷனர், ஐட்லர் பெயரிங், கிராங்க் முன் சீல், கேம் சீல் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். பம்ப் முன்பக்க சீல் கசிகிறதா என்று அதே நேரம் பாருங்கள். எத்தனையோ பெல்ட்கள் வயதால் அல்ல, மேலே வழிந்த ஒயிலாலும் டீசலாலும் செத்தவை. ஒயில் குடித்த பெல்ட் ஊதிப் பல்லுப் பல்லாகக் கழரும். புதிய பெல்ட் போட்டு முடிந்ததும் சாவியைத் திருப்ப விடாதீர்கள். கிராங்க் போல்டில் ஸ்பனரைப் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க், கேம், பம்ப் மூன்றின் அடையாளங்களும் மறுபடி நேராக வருகின்றனவா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட். அதை உங்களுக்குக் காட்ட மறுக்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் பெயின்ற் பேனையால் பெல்ட் மூடியிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் பிள்ளை இந்த வண்டியை ஓட்டினால், பெல்ட் எப்போது மாற்றியது என்று அவனாவது தேட வேண்டியிருக்காது.

இதே எஞ்சினில் பலர் பார்க்காத இன்னொரு இடம் இருக்கிறது. டைனமோவின் பின்பக்கம் சிறிய வட்டமாக ஒரு பம்ப் ஒட்டியிருக்கும். அது பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் வெக்கூம் பம்ப். பெற்றோல் எஞ்சின் தன் இன்டேக்கிலேயே வெற்றிடம் உண்டாக்கும், டீசலில் அது கிடையாது. அதனால் தனிப் பம்ப். அதற்கு எஞ்சினிலிருந்து ஒயில் ஒரு ஹோஸால் போய், தடித்த இன்னொரு ஹோஸால் திரும்பி வரும். முப்பது வருட ரப்பர், பக்கத்தில் எஞ்சின் சூடு. அந்த ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். காய்ந்த கருவாடு போல வெடிப்புக் கோடுகள் தெரிந்தாலோ, கிளிப் அருகில் கறுப்பாக ஈரம் இருந்தாலோ உடனே மாற்றுங்கள். ஓட்டத்தில் அது கழன்றால் எஞ்சின் ஒயில் முழுவதும் ரோட்டில் போய்விடும். ஒயில் விளக்கு எரிவதை நீங்கள் கவனிப்பதற்குள் பெயரிங் பிடித்துவிடலாம். முழு எஞ்சினையும் காப்பாற்றுவது ஒரு முழ ஹோஸ். ஒயிலுக்கென்று விற்கிற ஹோஸாக வாங்குங்கள், தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட வேண்டாம்.

சரி, இனிக் காலை ஸ்டார்ட்டுக்கு வருவோம். இதற்கு நீங்களே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். காலையில் சாவியைத் தொட முன் பொனட்டைத் திறவுங்கள். டீசல் பில்டர் தலையில் கையால் அமத்துகிற ஒரு பொத்தான் இருக்கும். அதை அமத்திப் பாருங்கள். முதல் தரமே இறுக்கமாக இருந்தால் லைனில் டீசல் நிறைந்திருக்கிறது. பஞ்சு போல அமுங்கி, பத்துப் பதினைந்து தரத்துக்குப் பிறகு இறுகினால் இரவில் லைனுக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. இறுகிய பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். அன்றைக்கு உடனே பிடித்தால் உங்கள் நோய் பாதி விளங்கிவிட்டது.

காற்று எங்கே புகுகிறது என்று தேடும்போது பலர் டீசல் ஒழுகும் இடத்தைத் தேடுகிறார்கள். இந்த வண்டியில் டாங்கியில் தள்ளும் பம்ப் இல்லை. எஞ்சினில் இருக்கிற ரோட்டரிப் பம்பே தன் உள்ளே இருக்கிற சிறு வேன் பம்பால் டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற லைனில் ஓட்டை இருந்தால் வெளியே டீசல் வராது, உள்ளே காற்றுத்தான் போகும். அதனால் ஒரு துளி ஈரமும் இல்லாமல் ஓட்டை இருக்க முடியும். நான் செய்வது இதுதான்: பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் போடுவேன். எஞ்சின் ஓடும்போது அதற்குள் பார்த்தால் தெரியும். நல்ல லைனில் டீசல் ஓடுவதே தெரியாது, குழாய் வெறும் மஞ்சளாக நிற்கும். காற்று எடுக்கிற லைனில் மீன் தொட்டி போலக் குமிழி குமிழியாக வரும். பிறகு அதே குழாயைப் பில்டருக்கு முன்னுக்கு மாற்றிப் போட்டால், காற்று பில்டரில் எடுக்கிறதா, டாங்கிப் பக்கத்திலிருந்தா என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் கிளிப் இளகியது, ஹோஸ் வெடித்தது, அல்லது அந்தக் கைப் பொத்தானின் உள் சீல் போனது. மூன்றும் சின்னச் செலவு.

பொத்தான் முதல் அமத்தலிலேயே இறுக்கமாக இருந்தும் ஸ்டார்ட் வராவிட்டால் அடுத்தது ஹீற்றர் பிளக், ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சின் உள்ளைச் சூடாக்குவது. நான்கையும் இணைக்கிற பட்டியைக் கழற்றி, ஒவ்வொன்றாக மீற்றரில் பார்க்க வேண்டும். நான்கில் இரண்டு செத்திருந்தாலும் கொழும்பில் பகல் நேரம் ஸ்டார்ட் வரும், மார்கழிக் குளிரில் வராது. வெள்ளைப் புகையை மணந்தும் பாருங்கள். கண்ணைக் கரிக்கும் பச்சை டீசல் மணத்தோடு ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால் அது எரியாத டீசல், காரணம் பிளக் அல்லது டீசலை உள்ளே ஊதுகிற நொசில். சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு மணத்தோடு, ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் அது ஹெட் விஷயம். அப்படியென்றால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதை முதலில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். ஸ்டார்ட் வரவில்லையென்று இன்டேக்கில் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். உள்ளே ஹீற்றர் பிளக் சிவந்திருக்கும்போது அந்த ஈதர் நேரம் பார்க்காமல் வெடிக்கும். ரிங் உடைந்து, பிஸ்டன் வெடித்த எஞ்சின்களை நான் பிரித்திருக்கிறேன்.

இழுவை குறைந்ததற்கு வருகிறேன். 3எல் எஞ்சின் 2779 சிசி. புதிதாக இருந்தபோதே ஏறக்குறைய 90 குதிரைவலுதான், டேர்போ இல்லாதது. அது ஒருநாளும் பறக்கிற எஞ்சினாக இருந்ததில்லை. ஆனால் உங்கள் அப்பா வாங்கிய நாளில் அதே வண்டி அதே ஏற்றத்தை ஏறியது. அப்போது இருந்த 90 இப்போது எங்கே போனது என்று தேடுவதுதான் என் வேலை. இல்லாத 110ஐக் கொண்டுவருவது அல்ல.

முதலில் காற்று. உங்கள் தோட்டத்துக்குப் போகிற பாதை கிரவல் என்றால் காற்றுப் பில்டர் ஒரு மாதத்தில் அடைத்துவிடும். பில்டரைவிட அதற்குப் பிறகு வரும் பெரிய ரப்பர்க் குழாயைக் கவனியுங்கள். அதைக் கழற்றி உள்ளே விரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் சிவப்புத் தூள் ஒட்டினால் பில்டரைச் சுற்றிக்கொண்டு தூசி உள்ளே போகிறது. அந்தத் தூள் சிலிண்டரை அரத்தால் அராவுவது போல அராவும். எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து அன்றைக்கே அடையுங்கள்.

பிறகு வால்வு இடைவெளி, அதாவது கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சின்ன இடைவெளி. இந்த எஞ்சினில் கேமுக்குக் கீழே வாளி போன்ற தட்டும் அதன் மேல் ஷிம் என்ற அளவுத் தகடும். ஸ்குரூ திருப்பி ரப்பெட் வைக்கிற வேலை இல்லாததால் மெக்கானிக்குகள் இதை மறந்தே போகிறார்கள். வால்வு மெல்ல மெல்லத் தன் இருக்கையில் புதையும்போது இடைவெளி கூடாது, குறையும். சத்தமே வராது. ஒரு நாள் வால்வு முழுவதும் மூடாமல் நிற்கும், அழுத்தம் போகும், காலையில் ஸ்டார்ட் வராது, ஏற்றத்தில் இழுக்காது. உங்கள் இரண்டு முறைப்பாட்டுக்கும் இது ஒன்றே காரணமாக இருக்கவும் கூடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் 0.40 முதல் 0.50 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பெல்ட் வேலைக்கு வண்டியைக் கொடுக்கும்போது மேல் மூடியையும் திறந்து எட்டையும் அளந்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதோடு அழுத்தச் சோதனை. நான்கு ஹீற்றர் பிளக்கையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மீற்றர் போட்டுப் பார்ப்பது. நல்ல 3எல் எஞ்சினில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ வரும், 20க்குக் கீழே போனால் எஞ்சின் பிரிக்க வேண்டிய காலம். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5க்கு மேல் இருக்கக் கூடாது. இந்த நான்கு எண்கள் கையில் இல்லாமல் நொசிலுக்கோ பம்புக்கோ பெரிய காசு செலவழிக்க வேண்டாம். அழுத்தம் இல்லாத எஞ்சினுக்குப் புது நொசில் போடுவது, கூரை ஒழுகுகிற வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பது மாதிரி.

அழுத்தம் சரியென்றால் நொசில்கள் நான்கையும் கழற்றி பெஞ்சில் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள், விளங்கும். நல்ல நொசில் கைப்பிடியை அமத்தும்போது "க்ரீக்" என்று ஒரு சத்தத்தோடு பனி போல ஊதும், நிறுத்தியதும் நுனி காய்ந்திருக்கும். கெட்டது சிறுநீர் போல ஒரு கோடாகப் பாயும், நுனியில் துளி தொங்கும். அந்தத் துளிதான் உங்கள் வெள்ளைப் புகை, லோடில் கறுப்புப் புகையும் அதுவே. திரும்பப் பூட்டும்போது அடி வொஷர்கள் எல்லாம் புதிது. பழையதைத் திருப்பிப் போட விடாதீர்கள்.

இனிப் பம்ப். உங்கள் நண்பர் சொன்ன ஸ்குரூ பம்பின் பின்பக்கம் இருப்பது உண்மை. முழு லோடில் எவ்வளவு டீசல் என்பதை அது தீர்மானிக்கும். கம்பனி அதைக் கம்பி போட்டு ஈய முத்திரை வைத்துத்தான் அனுப்பியது. அதை உள்ளே திருப்பினால் வண்டி இழுக்கும் என்பதும் பொய்யில்லை. முதல் நாள் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் டீசலைக் கூட்டினீர்கள், காற்றை எங்கிருந்து கூட்டினீர்கள்? டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு இறக்கத்திலும் தன் கொள்ளளவுக்கு மேல் காற்றை உறிஞ்ச முடியாது. மிஞ்சின டீசல் பாதி எரிந்து கறுப்புப் புகையாகப் போகும், மீதி நேரம் பிந்தி எரிந்து ஹெட்டையும் எக்ஸோஸ்ட் வால்வையும் சுடும். இந்த எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டன் மேல் எரிவதில்லை, ஹெட்டுக்குள் இருக்கிற ஒரு சின்னக் குழிக்குள் எரியத் தொடங்குகிறது. அந்தக் குழியின் வாய் மிகச் சூடான இடம். இரண்டு வால்வுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இரும்பு அடுத்தது. ஹெட் வெடிப்பது இந்த இடங்களில்தான். தண்ணீர் மீற்றர் முள் அதைக் காட்டாது. தண்ணீர் கொதிக்க முன்பே இரும்பு வெடித்திருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு மீன் வியாபாரி கேட்டார் என்று அவருடைய 3எல் எஞ்சினில் நானே அந்த ஸ்குரூவை முக்கால் சுற்றுத் திருப்பினேன். அவர் கைகுலுக்கிவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் வண்டி கயிற்றில் கட்டி வந்தது. ஹெட்டைக் கழற்றிக் கழுவிப் பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரில் வால்வுகளுக்கு நடுவில் தலைமயிர் போல ஒரு கோடு. ஹெட்டுக்கான காசில் பாதியை நான் கொடுத்தேன். அதற்குப் பிறகு லோட் வண்டியில் அந்த முத்திரையை நான் உடைப்பதில்லை.

டேர்போ காற்றைக் கொண்டுவரும், அது உண்மைதான். அழுத்தம் நன்றாக உள்ள எஞ்சினில், குறைந்த பூஸ்டில், எக்ஸோஸ்ட் சூட்டைக் காட்டும் மீற்றர் ஒன்றும் பூட்டி, ஒயில் போக்குவரத்து ஒழுங்காகச் செய்தால் ஓடும். ஓடுகிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 22.2க்கு 1 அழுத்த விகிதத்தில், வயது தெரியாத ஹெட் கேஸ்கட்டோடு, கிழமைக்கு மூன்று தரம் லோட் ஏற்றுகிற வண்டியில் நான் அதைச் செய்ய மாட்டேன். கூடிய வலுவை எஞ்சின் தாங்கினாலும் கிளட்சும் கியர்ப் பெட்டியும் கணக்குக் கேட்கும்.

பம்புக்குச் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. டைமிங். பழைய பெல்ட் தொய்ந்தாலும், பம்பை ஒருமுறை கழற்றிப் பூட்டினாலும் டைமிங் மாறும். பிந்தினால் வெள்ளைப் புகை, இழுவையில்லை, எஞ்சின் சூடேறும். முந்தினால் சுத்தியலால் தட்டுவது போலக் காலையில் தட்டும். சிலர் காதால் கேட்டுப் பம்பை அசைத்து வைக்கிறார்கள். எனக்கும் முப்பது வருடக் காது இருக்கிறது, நான் அதை நம்புவதில்லை. பம்பின் பின்னால் நான்கு பைப்புகளுக்கு நடுவில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றி டயல் கேஜ் பூட்டி, முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்து, பம்புக்குள் டீசலைத் தள்ளுகிற பிளஞ்சர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று அளக்க வேண்டும். உங்கள் பம்பின் எண்ணுக்கு மனுவலில் எழுதிய அளவு என்னவோ அதற்கே வைக்க வேண்டும். புதுப் பெல்ட் போட்ட பிறகு இதைச் செய்யுங்கள், முன்னுக்குச் செய்தால் இரண்டாம் தரமும் காசு கொடுப்பீர்கள். டியூனிங் என்று நான் சொல்வது இவ்வளவும்தான்: சரியான வால்வு இடைவெளி, ஒரே அளவில் ஊதுகிற நான்கு நொசில், சரியான டைமிங், சுத்தமான காற்று. இவற்றைச் செய்த பிறகு வண்டியை எடுத்து ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். ஸ்குரூவின் ஞாபகமே வராது.

இன்னொன்று கேட்க வேண்டும். 2022 இல் டீசல் வரிசைக் காலத்தில் வண்டிக்கு என்ன ஊற்றினீர்கள்? அந்த வருடம் மண்ணெண்ணெய் கலந்த டீசலால் போன பம்புகளை வரிசையாகப் பார்த்தேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ், ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கார்ப்பரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய். நான் தொழில் பழகிய காலம் அது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் டீசலிலும் கலக்கலாம் என்று நினைக்கிறார்கள். கார்ப்பரேற்றருக்குள் உராய்கிற இரும்பு இல்லை. டீசல் பம்புக்குள் எல்லாமே உராய்கிற இரும்பு, அதற்கு ஒயிலே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் இல்லை. அந்தக் காலத்தில் நீங்களும் கலந்திருந்தால் மறைக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பம்பைக் கழற்றி பெஞ்சில் போட்டுப் பார்க்க அது போதிய காரணம்.

லான்ட்மாஸ்டர் உழவு மெஷினுக்கென்று வீட்டில் பரலில் டீசல் வைத்திருப்பீர்கள், அதிலிருந்துதான் இதற்கும் ஊற்றுவீர்கள் என்று நினைக்கிறேன். மாரியில் பரலின் அடியில் தண்ணீர் சேரும். அடியில் நாலு விரல் விட்டுத்தான் எடுக்க வேண்டும். டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகை மாதம் ஒருமுறை இளக்கி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

கடைசியாகத் தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அதே படிவு ரேடியேற்றர் குழாய்க்குள்ளும் ஹெட்டுக்குள்ளும் படிகிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடிய வண்டியென்றால் ரேடியேற்றரைக் கழற்றி, மேல் கீழ்த் தொட்டிகளைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு பாதிக்குப் பாதி கூலன்ற், பாதி பெற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர். ரேடியேற்றர் மூடி புதிதாக ஒன்று வாங்குங்கள், பழையதில் எழுதியிருக்கும் அழுத்த எண்ணுக்கே. சூடு கூடுகிறதென்று யாராவது தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் பூட்டுங்கள். அது இல்லாமல் எஞ்சின் காலையில் நேரத்துக்குச் சூடேறாது, குளிர்ந்தபடி ஓடுகிற டீசல் எஞ்சினில் சிலிண்டர் கெதியாகத் தேயும்.

ஒயில் 15டபிள்யூ-40, 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, பில்டரோடு. இதில் நீட்டிப் பார்க்க வேண்டாம்.

காசு எல்லாவற்றுக்கும் காணாது என்றால் இந்த ஒழுங்கில் போங்கள். மாரிக்கு முன் பெல்ட், சீல்கள், வெக்கூம் பம்ப் ஹோஸ், ரேடியேற்றர், டீசல் லைன் காற்று. அந்த நேரமே வால்வு இடைவெளியும் அழுத்தமும் அளந்துவிடுங்கள், அளக்கிற கூலி மட்டும்தான். நொசிலையும் பம்ப் டைமிங்கையும் தைப்பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அதுவரை லோடைக் குறைத்து ஓடுங்கள். சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தாலும் இங்கே எடுத்தாலும், பெல்ட்டும் பெயரிங்கும் பெட்டி உடைக்காத புதியதாக இருக்க வேண்டும். கழற்றிய ஜப்பான் சாமான் டைனமோவுக்குச் சரி, பெல்ட்டுக்குச் சரியில்லை. 2020 இல் இறக்குமதி நின்ற பிறகு வண்டி விலை போன போக்கு உங்களுக்குத் தெரியும். 2025 இல் திறந்த பிறகும் ஒரு டபுள் கெப் வாங்குவது விவசாயியின் கைக்கு எட்டுகிற காரியமில்லை. இந்த எஞ்சினுக்கு இன்னும் பல வருட ஓட்டம் இருக்கிறது, அதை நம்பியே இவ்வளவும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணப் பக்கம் வந்தால் வண்டியை என்னிடம் காட்டுங்கள். முதல் நாள் மாலையே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை நான்தான் அடிக்க வேண்டும், நீங்கள் ஒருமுறை அடித்துவிட்டால் அந்தப் புகையும் சத்தமும் எனக்குக் கிடைக்காது.